விரிச்சி கேட்ட வெள்ளிக்கிழமை

எதிர்வீட்டுப் பெண் அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதப் படித்துக்கொண்டிருக்கிறாள். போன மாதம் ஒரு மத்தியானம் கரண்ட் போனதும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் வேப்பமர நிழலுக்கு வந்துவிட்டாள். வந்தவள் சும்மா இருந்தாளா? ஒரே வார்த்தையை நூறு தரம் உருப்போட்டாள். "விரிச்சி, விரிச்சி, விரிச்சி."

"இன்னாடி அது, புது மொளகா ரகமா?" என்று கேட்டேன். முப்பத்திரண்டு வருஷம் சின்னசேலத்தில் உரக்கடையும் விதைக்கடையும் நடத்தியவள் நான். எந்தப் புதுப்பேர் காதில் விழுந்தாலும் விதைப் பாக்கெட்டுதான் கண்ணுக்கு முன்னால் வரும்.

அவள் சிரித்துவிட்டு வாசித்துக் காட்டினாள். பழைய காலத்தில் படை கிளம்பும் முன்னாலோ, போன புருஷன் வருவானா மாட்டானா என்று தெரியாதபோதோ, மூத்த பெண்கள் பொழுது சாயும் நேரத்தில் ஊர் எல்லைக்குப் போவார்களாம். நெல்லும் பூவும் தூவி, கைகூப்பி, வாய் திறக்காமல் நிற்பார்களாம். அந்தப் பக்கமாக வருகிற யாரோ ஒருவர், இவர்கள் எதற்கு நிற்கிறார்கள் என்று தெரியாமலே, தன் பாட்டுக்குத் தன் வேலையாக ஏதோ சொல்வார். அந்தச் சொல் நல்லதாக விழுந்தால் காரியம் நல்லபடி முடியும். அப்படிக் கேட்கிற சொல்லுக்குத்தான் விரிச்சி என்று பேர்.

எனக்கு உடம்பு சிலிர்த்துப்போய்விட்டது. "அடியே, பொஸ்தகத்த மூடு. அந்த விரிச்சியே நான்தான்டி," என்றேன்.

என் வயசுக்காரர்களே, சிரிக்காதீர்கள். நீங்களும் நானும் ஒரே காலத்தில் பிறந்து, ஒரே ரேஷன் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவர்கள். உங்களுக்குச் சர்க்கரை மாத்திரை சாப்பிட்டோமா இல்லையா என்பதே மறந்துபோகிறது. எனக்கு ஒன்பது வயசில் நடந்தது நேற்று நடந்த மாதிரி இருக்கிறது. என் ஞாபகத்தில் பிசகு கிடையாது. கிடையாது என்றுதான் போன மாதம் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே எங்கள் கடையில் கடைசிவரை கத்தரி விதை வாங்கிய தமிழய்யாவைப் போனில் பிடித்தேன். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "விரி என்பதிலிருந்து வந்திருக்கலாம்மா," என்றார். "மொட்டு விரியற மாதிரி, மூடிக் கெடக்கிற நாளைய சங்கதி ஒருத்தர் வாயில விரியுது. ஆனா அது ஒரு கருத்துதான், அடிச்சுச் சொல்ல மாட்டேன்." புள் என்று இன்னொரு பழைய சொல் உண்டாம். பறவைக்கும் அதுதான் பேர், சகுனத்துக்கும் அதுதான் பேர். சகுனம் என்கிற வடசொல்லுக்கும் முதல் அர்த்தம் பறவைதானாம். "அப்ப ஜனங்க மொதல்ல பறவையக் கேட்டுப் பாத்து, அது சரியா பதில் சொல்லாம, அப்புறமா மனுஷங்களக் கேட்டிருக்காங்க," என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் அவருக்கு இருமல் வந்துவிட்டது.

எங்கள் ஊரில் விரிச்சி என்றெல்லாம் யாரும் சொன்னதில்லை. சொல்லு கேக்குறது என்பார்கள். எங்கள் கிணற்றுக்கு இடம் குறித்ததே அப்படிக் கேட்ட சொல்லை வைத்துத்தான்.

ஊர் கச்சிராயபாளையம் போகிற பாதையில் இருந்தது. மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை. கோமுகி அணைக்கு மண்ணும் கல்லும் ஏற்றிக்கொண்டு லாரிகள் ஓடிய காலம். புளி உலுக்கும் பருவம் அது. வீடு முழுக்கப் புளி காய்ந்துகொண்டிருக்கும். உட்கார்ந்தால் பாவாடையில் ஒட்டும், படுத்தால் தலைமயிரில் ஒட்டும். அம்மாவின் கை விரல்கள் அந்த இரண்டு மாதமும் பழுப்பாகவே இருக்கும். அம்மா பேசிப் பார்ப்பது அபூர்வம். வாயில்லாப் பூச்சி என்று ஊரே சொல்லும். நானும் சொல்லியிருக்கிறேன்.

அப்பா லாரி ஓட்டினார். பத்து நாளைக்கு ஒரு தரம் உளுந்தூர்பேட்டையில் லாரியை நிறுத்திவிட்டு பஸ் பிடித்து வீட்டுக்கு வருவார், தூங்குவார், போவார். எது கேட்டாலும் "அண்ணன் சொல்ற மாதிரி செய்யுங்க" என்பார். அதனால் வீட்டில் எல்லாம் பெரியப்பா வைத்ததுதான் சட்டம்.

பெரியப்பா நல்லவர். ஆனால் சகுனம் பார்க்காமல் வாசல்படி தாண்ட மாட்டார். பூனை குறுக்கே போனால் நின்றுவிடுவார். ஒற்றைத் தும்மல் கேட்டால் உள்ளே வந்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பக் கிளம்புவார். ஒரு தரம் நைனார்பாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டவர் தும்மல், பூனை, எண்ணெய்க்காரர் என்று மூன்று முறை திரும்பி வந்து, கடைசியில் முகூர்த்தம் முடிந்துபோய், வேட்டியை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டார். அவர் ஏறியிருக்க வேண்டிய பஸ் வழியில் பஞ்சர் ஆனதாகச் செய்தி வந்தது. போதாதா? வருஷக்கணக்காக அந்தப் பஞ்சரைச் சொல்லிச் சொல்லியே எங்கள் எல்லோரையும் அடக்கி வைத்திருந்தார்.

சித்தி எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். அம்மாவுக்கு அவள் ஒரே தங்கை, தாய் தகப்பன் இல்லாதவள். தினமும் நடந்தே போய் ஊரிலேயே முதல் பெண்ணாகப் பதினோராவது முடித்தவள். எனக்கு அவள்தான் தலை பின்னுவாள். பின்னும்போதே வாய்ப்பாடு கேட்பாள். தப்பாகச் சொன்னால் பின்னலைப் பிடித்து ஒரு இழு இழுப்பாள். பதினாறாம் வாய்ப்பாடு இன்றைக்கும் என் மண்டையில் நிற்கிறது என்றால் அதுதான் காரணம்.

அந்தப் பருவத்தில் எனக்கு முதல் துக்கம் வந்தது ஒரு ஆட்டுக்குட்டியால். அம்மா பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த ஆட்டின் வழியில் எங்களுக்குக் கருப்பி என்று ஒரு பெட்டை ஆடு இருந்தது. அது ஈன்ற குட்டி இன்னும் பால் மறக்கவில்லை. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. அதை அம்மா சந்தையில் கொண்டுபோய் விற்றுவிட்டு வந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் கயிறு மட்டும் கிடக்கிறது. நான் தரையில் புரண்டு அழுதேன். "ஏன் வித்த? ஏன் வித்த?" என்று கேட்டதற்கு, "வேணும், வித்தேன்," என்றாள். அவ்வளவுதான் பதில்.

அதற்கப்புறம் கருப்பியை ஓட்டுவது பெரும்பாடாகிவிட்டது. சாயங்காலம் ஏரிக்கரையில் பத்தடி நடக்கும், நிற்கும், சந்தைக்குப் போகிற பாதையைத் திரும்பிப் பார்த்துக் கத்தும். முதல் நாள் அம்மாவே கூட வந்து கொம்பைப் பிடித்து இழுத்து வந்தாள். மறுநாளிலிருந்து நான் ஒண்டியாக ஓட்டினேன். கையில் கோலை வைத்துக்கொண்டு ஏரியே அதிரும்படி கத்துவேன். "போடி போ! யாரு உன்னப் புடிச்சுகினு இருக்காங்க? திரும்பித் திரும்பிப் பாக்காதடி! போயிகினே இரு!" எனக்கு அப்போதே கட்டைக் குரல். மூன்று வயல் தள்ளி ஏற்றம் இறைக்கிறவன் காதிலும் விழும். சுள்ளி பொறுக்க அம்மாவும் அந்த வாரம் என் பின்னாலேயே கொஞ்ச தூரத்தில் கூடையோடு வந்துகொண்டிருந்தாள். குட்டியை விற்ற கோபத்தில் நான் அவளோடு பேசவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சித்திக்குக் கடிதம் வந்தது. கடலூரில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, திங்கட்கிழமைக்குள் வந்து சேர வேண்டும். எழுதிப் போட்டது யாருக்கும் தெரியாது. அம்மாவும் சித்தியும் பெரியப்பாவிடம் கடிதத்தை நீட்டினார்கள்.

சிக்கல் என்னவென்றால், பெரியப்பா ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார். பெரியம்மாவுக்குக் களமருதூரில் ஒரு தம்பி. பெண்டாட்டி செத்து, இரண்டு குழந்தைகளோடு நின்றான். நெல் விளைகிற நஞ்சை, சொந்தக் கிணறு. பங்குனியில் சித்தியைக் கட்டி வைப்பதாகப் பேச்சு முடிந்திருந்தது. சித்தியை யாரும் கேட்கவில்லை. நம் காலத்தில் யார் கேட்டார்கள்?

"பொட்டப்புள்ள தனியா கடலூருக்குப் போயி ஆஸ்பத்திரியில பீ மூத்திரம் வாரணுமா?" என்றாள் பெரியம்மா. "எந்தம்பி வூட்ல ராணி மாதிரி இருக்கலாம்."

சித்தி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ராணி வேணாம் பெரியக்கா. நான் படிக்கணும்."

"குடுத்த வாக்க நான் எப்பிடிம்மா மாத்துறது?" என்றார் பெரியப்பா. கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்கு வழி தெரியவில்லை. மூன்று நாள் இதுவே பேச்சு. சித்தி சோற்றைத் தொடவில்லை. எனக்குத் தலை பின்னும்போது வாய்ப்பாடு கேட்கவில்லை. அவள் கண்ணீர் என் உச்சந்தலையில் விழுந்தது சூடாக இருந்தது. களமருதூருக்குப் போனால் இவள் செத்துவிடுவாள் என்று எனக்குப் பட்டது. அப்படியே நினைத்தேன், செத்துவிடுவாள் என்று.

மூன்றாம் நாள், புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்த அம்மா, கையை நிறுத்தாமல் பேசினாள். "மாமா, நீங்களும் முடிவு பண்ண வேணாம், நானும் சொல்ல வேணாம். எல்லக்கல்லுல நின்னு சொல்லு கேட்டுடலாம். போன்னு விழுந்தா போவட்டும். இருன்னு விழுந்தா அக்கா தம்பிக்கே குடுத்துடலாம். அப்புறம் நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்."

பெரியப்பாவின் முகம் விளக்கேற்றின மாதிரி ஆகிவிட்டது. அவருக்கு இதைவிடப் பிடித்த பேச்சு உலகத்தில் உண்டா? எழுந்து நின்று விதிமுறைகளைச் சொன்னார். வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். கேட்கிறவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. முதலில் எந்த மனுஷக் குரல் விழுகிறதோ அதுதான் சொல். முக்கியமாக, சொல்கிறவருக்கு இன்ன காரியம் என்று தெரிந்திருக்கவே கூடாது. தெரிந்து சொன்னால் அது செல்லாது. "கொழந்தைங்க காதுல போடாதீங்க," என்று வேறு சொன்னார். எனக்கு அந்தப் பேச்செல்லாம் பிற்பாடு பெரியம்மா சொல்லித்தான் தெரியும். அப்போது நான் வாசலில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை ஆட்டை அவிழ்க்கும்போது அம்மா சொன்னாள். "பாப்பா, இன்னிக்கு ஏரிக்கரையில லாரிங்க ஜாஸ்தி. திரும்பறப்ப எல்லக்கல்லுப் பக்கமா ஓட்டினு வா. ஈச்சம்பொதருகிட்ட பில்லு நல்லா இருக்குது. சூரியன் மலைக்குப் பின்னால எறங்கினதும் கெளம்பிடு." நான் "உம்" என்றேன். இன்னும் கோபம் தீரவில்லை.

எல்லைக்கல்லில் நடந்தது இப்படி. அம்மா, பெரியம்மா, பெரியப்பா, சித்தி, நாலு பேரும் போய் ஒரு படி நெல்லையும் கொஞ்சம் பூவையும் கல்லைச் சுற்றித் தூவிவிட்டு வாய்மூடி நின்றிருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் மலையிலிருந்து ஒரு பெரியவர் கடுக்காய் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கி வந்திருக்கிறார். எதிரே ஆட்களைப் பார்த்ததும் ஏதோ கேட்க வாயெடுத்திருக்கிறார். அம்மா சட்டென்று விரலை உதட்டில் வைத்துக் காட்டிவிட்டாள். ஏதோ பூஜை நடக்கிறது என்று நினைத்து அந்த மனுஷனும் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, தலைப்பாகையை அவிழ்த்து, இவர்களோடு சேர்ந்து கைகூப்பி நின்றுவிட்டார்.

இது எதுவும் தெரியாமல் நான் ஈச்சம்புதருக்கு அந்தப் பக்கம் வருகிறேன். கருப்பி வழக்கம்போல நின்றது. வழக்கம்போலத் திரும்பிப் பார்த்துக் கத்தியது. எனக்குப் பசி, பத்தாததற்குக் காலில் முள். ஆத்திரத்தோடு கத்தினேன்.

"போடி போ! யாரு உன்னப் புடிச்சுகினு இருக்காங்க? திரும்பித் திரும்பிப் பாக்காதடி! போயிகினே இரு!"

புதரைத் தாண்டினால் ஐந்து பேர் கல் மாதிரி நிற்கிறார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. சித்தி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பெரியப்பா மெதுவாக என் பக்கம் நடந்து வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று கோலைக் கீழே போட்டேன்.

அவர் குனிந்தார். "பாப்பா, இப்ப இன்னா சொன்ன?"

"ஆட்டத்தான் பெரியப்பா சொன்னேன். அது வர மாட்டேங்குது."

"யாராவது சொல்லச் சொன்னாங்களா?"

"யாரு சொல்வாங்க? டெய்லி இப்பிடித்தான் நின்னுக்குது சனியன்."

"நாங்கல்லாம் இங்க நிக்கிறோம்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது," என்று சொல்லி அழ ஆரம்பித்துவிட்டேன். அவர் தரையில் கிடந்த நெல்லில் ஒரு பிடி அள்ளி என் தலையில் போட்டார். அப்புறம் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். அறுபது வயசு மனுஷன், மூக்கொழுகிக்கொண்டு நின்ற ஒன்பது வயசுப் பெண்ணை!

பெரியம்மா விட்டுவிடுவாளா? "இது செல்லாது. நம்ம வூட்டுப் பொண்ணு. மின்னாடியே அந்த மலைக்காரரு பேச வந்தாரு, இவதான் கைய காட்டி நிறுத்துனா."

"கைய காட்டுறது பேச்சா?" என்றார் பெரியப்பா. "கேக்குறவங்க பேசக் கூடாது, அவ பேசல. சொல்றவங்களுக்குத் தெரியக் கூடாது, பாப்பாவுக்குத் தெரியாது. போன்னு விழுந்துடுச்சு. அதுவும் எப்பிடி விழுந்திருக்குது பாத்தியா, 'டி' போட்டு, பொம்பளைக்குச் சொல்ற மாதிரியே விழுந்திருக்குது. நான் போயி உந்தம்பிகிட்ட சொல்லிக்கிறேன்."

மலைக்காரர் அதுவரைக்கும் கூப்பிய கையை இறக்கவில்லை. "சாமி, இப்பப் பேசலாங்களா?" என்றார். "கச்சிராயபாளையத்துக்கு எந்தப் பக்கமுங்க போவணும்?"

மறுநாள் சனிக்கிழமை விடிகாலையிலேயே முதல் பஸ். பாதையோரம் எல்லோரும் நின்றோம். சித்தியின் தகரப் பெட்டிமேல் நான்தான் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெட்டியை இன்றைக்குக் கொடுத்தாலும் கண்ணை மூடித் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவேன். நீல நிறம், உள்ளே புதுத் தகரத்தின் வாசனை, மூடியில் வெள்ளைப் பெயின்டில் சித்தியின் பேரும் இனிஷியலும். அந்த எழுத்துகளின் மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வழவழவென்று இருந்தது. விரலில் துளி ஒட்டவில்லை. எத்தனையோ வீடு மாறியதில் அந்தப் பெட்டி எங்கே போனதென்று சித்திக்கே தெரியாது.

பஸ் கிளம்பியதும் சித்தி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பின்னால் பார்த்து அழுதாள். அம்மா அழவில்லை. ஊரே நிற்க, அந்த வாயில்லாப் பூச்சி உரக்கக் கத்தினாள். "திரும்பிப் பாக்காதடி, போ!"

நான் சொன்ன வார்த்தையையே அம்மா சொல்கிறாள் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்கப்புறம் என் ராஜ்யம்தான். பெண் பார்க்கப் போகிறவர்கள் என்னை எதிரே வரச் சொல்வார்கள். ஏர் பூட்டும் முன்னால் "பாப்பா ஒரு வார்த்த சொல்லு" என்பார்கள். என் வாயில் தெய்வம் உட்கார்ந்திருக்கிறது என்று நானும் நம்பிவிட்டேன். பயம் என்பதே விட்டுப்போயிற்று. கல்யாணமாகி, அவர் இறந்து, ஆம்பளைகளே உட்கார்ந்த உரக்கடைத் தெருவில் நான் ஒண்டியாகக் கல்லாவில் உட்கார்ந்தபோதுகூட, கொட்டாவி விட்டுக்கொண்டு வந்தவன் எல்லாம் ரெண்டு மாதத்தில் கடையை மூடிவிடுவாள் என்றான். நடத்திக் காட்டினேன். "உங்க வாயால ஒரு நல்ல வார்த்த சொல்லிக் குடுங்கம்மா" என்று சொல்லி விதை வாங்கிப் போன விவசாயிகள் எத்தனை பேர்! அந்தக் களமருதூர்க்காரரே பிற்பாடு வேறு பெண்ணைக் கட்டி நன்றாக வாழ்ந்து, என் கடைக்கு வந்து யூரியா வாங்கியிருக்கிறார். நல்ல மனுஷன், பாவம்.

சித்தி படித்து முடித்து, கல்வராயன் மலைமேலேயே பல வருஷம் வேலை பார்த்தாள். ரோடு போடாத ஊர்களுக்கெல்லாம் நடந்துபோய்ப் பிரசவம் பார்த்தாள். பெரியப்பா படுத்த படுக்கையானபோது அவருக்கு ஊசி போட்டு, புண்ணைக் கழுவி, கடைசிவரை பார்த்துக்கொண்டதும் அவள்தான். பெரியம்மாவே அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் பெரியப்பா, "சொல்லு எப்பிடி பலிச்சுது பாத்தீங்களா," என்பார்.

நான் அம்மாவிடமே எத்தனை தரம் பீற்றிக்கொண்டிருக்கிறேன்! "நான் மட்டும் அன்னிக்குக் கத்தலேன்னா சித்தி களமருதூர்ல சாணி தட்டிகினு இருந்திருப்பா." அம்மா புளியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆமாம்மா, எல்லாம் உன் வாய்தான்," என்பாள்.

இப்போது விரிச்சி என்று ஒரு பேர் கிடைத்ததும் என்னால் இருக்க முடியுமா? மறுநாளே பஸ் ஏறி கள்ளக்குறிச்சிக்கு, சித்தி வீட்டுக்குப் போனேன். எண்பதை நெருங்குகிறாள். இன்னும் அவளே காய் நறுக்கி, அவளே சமைக்கிறாள். நான் கதையை ஆரம்பித்து, பழைய நூல்களில் இருக்கிறது, படைகளெல்லாம் கேட்டது, அப்பேர்ப்பட்ட விரிச்சி என் வாயில் வந்தது என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன். அவரைக்காய் நார் உரித்துக்கொண்டே கேட்டவள், கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"அடி லூசு. எழுபது வயசாவப் போவுது, இன்னுமா உனக்குத் தெரியல? உங்கம்மா மூணு நாளு கூடைய எடுத்துகினு உன் பின்னாலயே வந்தா. நீ ஆட்டுகிட்ட இன்னா சொல்ற, எந்நேரத்துக்குச் சொல்ற, எவ்ளோ சத்தமா சொல்றன்னு கேட்டுகினே வந்தா. அப்புறந்தான் மாமாகிட்ட சொல்லு கேக்கலாம்னு வாயத் தொறந்தா."

"யாரு சொன்னது உனக்கு?"

"அவளேதான். சாவறதுக்கு மொத வருஷம். உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டா. 'அவ அந்தத் தெம்புலதான் கடைய நடத்திகினு இருக்கா, கெடுத்துடாத'ன்னா. இப்பதான் கடைய மகன்கிட்ட குடுத்துட்டியே, அதான் சொல்றேன்."

எனக்கு மூஞ்சி சுருங்கிப்போய்விட்டது. எழுந்து போய்ப் பானையில் தண்ணீர் மோந்து குடித்தேன். பெரியப்பா மாதிரி, கெட்ட சகுனத்துக்கு ஒரு சொம்பு தண்ணீர். அப்போதுதான் அந்தப் பெட்டி ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் சொல் விழுந்தது. சனிக்கிழமை விடிகாலையில் பஸ். நடுவில் எந்தக் கடை திறந்திருந்தது? யார் பேர் எழுதினார்கள்? என் விரலில் ஏன் பெயின்ட் ஒட்டவில்லை?

"பொட்டி," என்றேன்.

"ஆங். வெக்கப்போருக்குள்ள இருந்துது. குட்டிய வித்ததே அதுக்குத்தான். லெட்டரு வந்து பத்து நாளு கம்புக் குதிர்ல போட்டு வெச்சோம், பொட்டியும் பஸ்ஸுக்குப் பணமும் சேரட்டும்னு. அப்புறந்தான் மாமாகிட்ட காட்டினோம்."

என் செட்டுக்காரர்களே, ஒரு நாள் முழுக்க எனக்கு மனசு ஆறவில்லை. மறுநாள் தேறிவிட்டேன். எதிர்வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு விதியை மறுபடி வாசிக்கச் சொன்னேன். கேட்கிறவர்கள் பேசக் கூடாது. அம்மா பேசவில்லை. சொல்கிறவளுக்குத் தெரிந்திருக்கக் கூடாது. எனக்கு அறுபது வருஷம் தெரியவில்லை. இதைவிடச் சுத்தமாக எந்த ராஜாவின் படைக்கும் விரிச்சி விழுந்திருக்காது என்று அடித்துச் சொல்வேன். அம்மா ஒரு விதியைக்கூட மீறவில்லை. வாயில்லாப் பூச்சி என்று சொன்ன எங்கள் எல்லோருக்கும்தான் கண் இல்லை.

ஆனால் அன்றைக்குச் சித்தி வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவள் ஒன்று கேட்டாள். அதுதான் இன்னும் போகவில்லை. "அந்த வார்த்தைய ஆட்டுக்கு மொதல்ல சொன்னது யாருடி?"

நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றேன்.

குட்டியை விற்ற அன்று சாயங்காலம், முதல் நாள், ஏரிக்கரை. கருப்பி சந்தைப் பாதையைப் பார்த்துக் கத்துகிறது. அம்மா கொம்பைப் பிடித்து இழுக்கிறாள், அது அசையவில்லை. அம்மா கையை எடுத்துவிட்டுக் குனிந்து, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, காதோரமாகச் சொல்கிறாள். "போடி. போ. யாரு உன்னப் புடிச்சுகினு இருக்காங்க? திரும்பிப் பாக்காத. போயிகினே இரு." குரல் உடைந்துபோய்விட்டது. அப்போது கடிதம் குதிருக்குள் கிடந்திருக்கிறது. எனக்கு அது தெரியாது. குட்டிக்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்து, "நீதான வித்த! இப்ப இன்னாத்துக்கு அழுவுற?" என்று கத்தி, இரண்டு கையாலும் அவள் முதுகில் குத்தினேன். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல், ஆட்டைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.